சூரிச்சா, மியூனிக்கா? ஒரு சம்பளம், ஒரு குழந்தை

வைகைக்கரை:
இரண்டு ஊரிலும் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. சூரிச்சில் ஆண்டுக்கு 1,20,000 பிராங்க், மியூனிக்கில் 85,000 யூரோ. இந்தியப் பாஸ்போர்ட். மனைவி முதல் வருடம் வேலைக்குப் போகமாட்டார், பிள்ளைக்கு 2 வயது. மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதைவிட, உடம்பு படுத்தினாலோ வேலை போனாலோ எங்கே தாக்குப்பிடிக்கலாம் என்று தெரிய வேண்டும்.

தேன்கூடு:
மருத்துவக் காப்பீட்டிலிருந்து தொடங்குங்கள், பெரிய வித்தியாசம் அங்கேதான். சுவிஸில் தலைக்கு ஒரு பிரீமியம். மனைவிக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாக, உங்கள் கையிலிருந்து. காப்பீடு பணம் தருவதற்கு முன் நாமே கட்ட வேண்டிய ஆண்டுத் தொகையைப் பெரியவர்கள் 300 முதல் 2,500 பிராங்க் வரை தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேலான செலவிலும் 10 சதவீதம் நம்முடையது, ஆண்டுக்கு 700 பிராங்க் வரை. பிரீமியம் குறைகிறதே என்று 2,500 எடுத்தால், பெரிய நோய் வந்த வருடத்தில் 3,200 பிராங்க் தனியாக வேண்டும். அதை ஒதுக்கி வைக்காதவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பல் வைத்தியம் அடிப்படைக் காப்பீட்டில் கிடையாது. 3 மாதத்துக்குள் சேர வேண்டும். ஆனால் குடியேறிய நாளிலிருந்தே பிரீமியம் கணக்காகும், எனவே முதல் பில் மொத்தமாக வரும்.

ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் 14.6 சதவீதமும் ஒரு கூடுதல் விகிதமும் பிடிப்பார்கள், பாதி கம்பெனி கட்டும். வருமானமில்லாத மனைவியும் பிள்ளையும் அதிலேயே இலவசம். உங்கள் சம்பளத்துக்குத் தனியார் காப்பீடும் எடுக்கலாம் என்பார்கள். வேண்டாம். அங்கே மூன்று பேருக்கும் தனிப் பிரீமியம், பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் கஷ்டம்.

நெய்தல்:
நோய்க்கால ஊதியம்: ஜெர்மனியில் 4 வாரம் வேலை பார்த்த பிறகு, 6 வாரம் முழுச் சம்பளம் கம்பெனி தர வேண்டும். பிறகு காப்பீடு மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சுவிஸ் சட்டப்படி முதல் வருடத்தில் 3 வாரம்தான் உறுதி. பல கம்பெனிகள் 80 சதவீதம், 720 நாள் வரை தரும் காப்பீடு வைத்திருக்கின்றன, ஆனால் அது கட்டாயமில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

வேலை போனால் சுவிஸ் உதவித்தொகை தாராளம்: பிள்ளை இருப்பவருக்குக் காப்பீட்டுக்கு உட்பட்ட சம்பளத்தில் 80 சதவீதம். ஜெர்மனியில் நிகரச் சம்பளத்தில் 67. இரண்டிலும் 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் வேலையை விட்டு அனுப்புவது சுவிஸில் சுலபம்: முதல் வருடத்தில் 1 மாத நோட்டீஸ், அதன்பின் 2. ஜெர்மனியில் 10 பேருக்கு மேல் உள்ள கம்பெனியில் 6 மாதம் தாண்டிவிட்டால் தகுந்த காரணமில்லாமல் அனுப்ப முடியாது.

மலைச்சாரல்:
விசாவை யாரும் சொல்லவில்லையே. ஐரோப்பியரல்லாதவர்களுக்கு சுவிஸில் ஆண்டு ஒதுக்கீடு உண்டு, ஜெர்மனியில் உயர்திறன் வேலைக்காரர்களுக்குத் தரும் ஐரோப்பிய நீலஅட்டைக்கு (Blue Card) அது இல்லை. நீலஅட்டையோடு பி1 (இடைநிலை) ஜெர்மன் மொழித் தேர்வு தேறினால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டுக் குடியுரிமைக்கு ஜெர்மனியில் 5 வருடம், சுவிஸில் 10.

வரியிலும் கவனம். மியூனிக்கில் நீங்கள் இருவரும் பதிவு செய்ததும் வரி அலுவலகத்தில் 3ஆம் வரி வகுப்பு கேளுங்கள், தம்பதியில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் மாத வரிப்பிடித்தம் அதில் குறைவு. கேட்காவிட்டால் மாதாமாதம் அதிகம் பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சூரிச்சில் 1,20,000ஐத் தொட்டதுமே வருடாந்தரக் கணக்குத் தாக்கல் கட்டாயம். அப்போது எந்த ஊராட்சியில் வீடு என்பதைப் பொறுத்து வரி மாறும். ஏரிக்கரை ஊர்களில் வரி குறைவு, வாடகையில் அது போய்விடும்.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்வரை நான் மியூனிக் என்பேன். மனைவியும் முழுநேர வேலைக்குப் போகப்போகிறார் என்றால் சூரிச் முந்தும், குழந்தைக் காப்பகக் கட்டணத்தையும் கழித்துப் பார்த்த பிறகு. குடியேறும் முன்பே காப்பகத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். ஒரு வயதிலிருந்து இடம் கேட்கச் சட்ட உரிமை ஜெர்மனியில் 2013 முதல் இருந்தாலும், மியூனிக்கில் காத்திருப்புப் பட்டியல் நீளம்.