போஸ்ட்-பங்க் இசைக்கு ஒரு கலைச்சொல்: வயர் குழுவின் வரலாற்றை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

1970களின் நடுவில் எழுந்த, எளிமையும் வேகமும் கொண்ட ராக் இயக்கம் பங்க்; அதிலிருந்து கிளைத்த இசைவகை போஸ்ட்-பங்க் (post-punk). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை பின்பங்க், பங்கிற்குப் பிந்தைய இசை, பின்கலக இசை என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் வயர் என்ற லண்டன் குழுவின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்ததில் மூன்றுமே அங்கே இடறுகின்றன. ஓர் இசைவகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படும் குழுவுக்கே பொருந்தாத பெயரை அகராதியில் ஏற்றுவதில் பயனில்லை என்பதால், அக்குழுவின் கதையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வயர் 1976 அக்டோபரில் உருவானது. காலின் நியூமன், புரூஸ் கில்பர்ட், கிரஹாம் லூயிஸ், ராபர்ட் கோட்டோபெட் ஆகியோருடன் ஜார்ஜ் கில் என்ற கிதார் கலைஞரும் தொடக்கத்தில் இருந்தார். 1977இன் முற்பகுதியில் அவரை விலக்கியதும் கிதார் தனி ஆவர்த்தனங்கள் மறைந்தன. பாடல்கள் சுருங்கி இறுகின. அவ்வாண்டு ஏப்ரலில் கோவென்ட் கார்டனில் இருந்த ராக்ஸி அரங்கில் அவர்கள் வாசித்ததை ஒலிப்பதிவு செய்த மைக் தோர்ன், பிறகு அவர்களுடைய முதல் மூன்று இசைத்தொகுப்புகளுக்கும் தயாரிப்பாளரானார். அவற்றை வெளியிட்டது ஈஎம்ஐ நிறுவனத்தின் ஹார்வெஸ்ட் பிரிவு. பங்க் இளைஞர்கள் எதிர்த்து நின்ற பழைய தலைமுறையின் பிங்க் ஃபிளாய்ட் குழுவுக்கும் அதுவே தாய்வீடு என்பது நினைவில் வைக்கத்தக்கது.

முதல் தொகுப்பான பிங்க் ஃபிளாக் 1977இன் இறுதியில் வந்தது. அதில் சுமார் 35 நிமிடங்களில் 21 பாடல்கள். ஒன்று அரை நிமிடம்கூட ஓடாது. வரிகள் தீர்ந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவதே அவர்கள் வழக்கம். பல்லவிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வேகமும் சுருதியும் பங்க் இசையுடையவை. கட்டமைப்போ பங்க் இசையையே கழித்துக் கழித்து எஞ்சியது. இத்தொகுப்பு வெளிவந்தபோது பங்க் இசையின் முதன்மைக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் இன்னும் கலைந்திருக்கவில்லை. அது கலைந்தது 1978 ஜனவரியில்தான். போஸ்ட்-பங்க் என்ற தொடரையே இசை எழுத்தாளர் ஜான் சாவேஜ் 1977 நவம்பரில் சவுண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் இசை இதழில் எழுதிவிட்டார். ஆக, ஆங்கிலத்தில் அம்முன்னொட்டு கால வரிசையைக் குறித்துப் பிறந்ததன்று; பங்க் உயிரோடு இருக்கும்போதே அதிலிருந்து கிளைத்ததைக் குறித்தது. ‘பின்’ என்றோ ‘பிந்தைய’ என்றோ எழுதினால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியதாகவே வாசகர் கொள்வார். காலத்தைப் பொறுத்தவரை அது பிழை.

பின்கலக இசை என்ற சொல்லில் எனக்கு இன்னொரு தடை உண்டு. கலகம் என்றவுடன் அரசியல் முழக்கம் நினைவுக்கு வரும். 1978இல் வந்த சேர்ஸ் மிஸ்ஸிங் தொகுப்பில் உள்ள அவுட்டோர் மைனர் என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து, பச்சையத்தைக் குடைந்து தின்றபடி வளைந்து வளைந்து செல்லும் ஒரு புழுவைப் பற்றிய பாடல் அது. லூயிஸ் எழுதிய வரிகளில் பூச்சியியல் பாடநூலுக்குரிய துல்லியம் இருக்கிறது. நியூமன் அமைத்த மெட்டோ மிகவும் மென்மையானது. தொகுப்பில் இரண்டு நிமிடத்திற்கும் குறைவாக இருந்த அப்பாடலை, தனி இசைத்தட்டுக்காக ஒரு பியானோ பகுதி சேர்த்து நீட்டினார்கள். 1979இல் பிரிட்டிஷ் பட்டியலில் அது 51ஆம் இடம் வரை சென்றது. இதைக் கலகத்திற்குப் பிந்தையது என்று சொன்னால், பாடலைக் கேட்ட எவரும் ஏற்கமாட்டார். அடுத்த தொகுப்பில் வரைபட ஆயத்தொலைவுகளையே தலைப்பாகக் கொண்ட ஒரு பாடலும் உண்டு. அதுவரை நடத்திய கச்சேரிகளின் எண்ணிக்கையால் அத்தொகுப்புக்கு 154 என்றே பெயரிட்டார்கள்.

அதன்பின் ஈஎம்ஐயுடன் உறவு முறிந்தது. 1980இல் குழுவும் செயலற்றுப்போனது. மீண்டும் கூடியபோது பழைய பாடல்களை வாசிக்க மறுத்தார்கள். 1987இல் அமெரிக்கப் பயணத்தின்போது எக்ஸ் லயன் டேமர்ஸ் என்ற வேறொரு குழுவை முன்னால் மேடையேற்றி, பிங்க் ஃபிளாக் முழுவதையும் அவர்களை வாசிக்கச் செய்துவிட்டு, தாங்கள் புதியதை மட்டுமே வாசித்தார்கள். 1990இல் கோட்டோபெட் விலகியதும், நால்வரில் ஒருவர் குறைந்ததால் ஆங்கிலப் பெயரிலும் கடைசி எழுத்தைக் குறைத்து, Wire என்பதை Wir என்றாக்கிக்கொண்டார்கள். தம் இசையிலிருந்தே விலகி நடப்பதை இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்த வேறொரு குழுவை நான் அறியேன். ஆயினும் அவர்கள் வழி அறுந்துவிடவில்லை. அமெரிக்கக் குழுக்களான மைனர் த்ரெட் வயரின் 12எக்ஸ்யூ பாடலையும், ஆர்.ஈ.எம். ஸ்ட்ரேஞ்ச் பாடலையும் எடுத்துப் பாடின. எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் குழுவின் கனெக்‌ஷன் பாடலில் வயரின் கிதார் மெட்டு இருப்பதாக எழுந்த வழக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது.

இனிச் சொல்லமைப்பு. பங்க் என்பதை ஒலிபெயர்ப்பாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அது ஓர் இயக்கத்தின் பெயர். ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் ‘பங்கின் தோற்றம்’, ‘பங்கிற்குப் பிந்தைய’ என்றாகி, பாகத்தையோ பங்குச்சந்தையையோ நினைவூட்டுகிறது. தனியே நின்றாலோ பெட்ரோல் பங்க் நினைவுக்கு வருகிறது. எனவே உருபை ஏற்கும் இடத்தில் வேறொரு சொல் நிற்க வேண்டும்.

என் பரிந்துரை: பங்க் வழியிசை. வழிநூல் என்ற நம் மரபுச் சொல்லிலிருந்து இதை அமைக்கிறேன். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் சொல்வதே வழிநூல் என்கிறது நன்னூல். பயிற்சித்திறன் காட்டும் ராக் இசை வேண்டாம் என்ற பங்க்கின் முடிபை ஏற்று, அதற்குள்ளேயே தாம் வேண்டிய விகற்பங்களைச் செய்த வயர் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. வழி என்றால் அப்படியே பின்பற்றுவது என்று பொருள்படாதா என ஒருவர் கேட்கலாம். வேறுபாட்டையும் உள்ளடக்கியதே வழிநூலின் வரையறை என்பதே என் விடை. பின்நவீனத்துவத்தில் ‘பின்’ இருக்கிறதே என்பாருக்கு: அது வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டியதில்லை, இசைவகைகளுக்கும் அதே முன்னொட்டுத்தான் வேண்டும் என்ற நியதி இல்லை.

வழியிசை என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால் பங்க் வழியாக வரும் இசை என்றாகிவிடும். பங்க் வழியிசைக்குழு, பங்க் வழியிசையின் தாக்கம் எனச் சொல் தடையின்றி வளர்கிறது. போஸ்ட்-ராக் என்பதும் ராக் வழியிசை ஆகிவிடும். வயர் குழுவைப் பற்றி எழுதும் கட்டுரையின் முதல் வரியை இப்படி அமைக்கலாம்: “வயர், 1976இல் லண்டனில் தோன்றிய ஆங்கிலேயப் பங்க் வழியிசைக்குழு.” இவ்வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எந்த இடத்தில் நெருடுகிறது என்று எழுதுங்கள். பங்க் இசையின் இன்னும் வேகமான கிளையாகிய ஹார்ட்கோர் என்பதற்கான சொல்லைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். இக்கட்டுரைக்கு அது இப்போது தேவைப்படவில்லை.

அன்புடன்.