வலி நிவாரண பேட்ச் ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து அரிக்கிறது: என்ன செய்யலாம்?

திருச்சி மகள் (கேள்வி)

வணக்கம். என் தந்தைக்கு 74 வயது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதால் வரும் வலிக்கு, மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஃபென்டனில் (மார்ஃபின் வகையைச் சேர்ந்த வீரியமான வலிநிவாரணி) பேட்ச் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை விழுங்கினாலே குமட்டும் அவருக்கு, இது வந்த பிறகுதான் இரவில் கண் அசருகிறது. ஆகவே நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் வெயில் ஏறியதிலிருந்து, பேட்சை உரித்தால் அடியில் தோல் சதுரமாகச் சிவந்து, ஓரங்களில் வேர்க்குரு போலப் பொரிந்திருக்கிறது. அரிப்புத் தாளாமல் பனியனுக்கு மேலாகவே சொறிந்துகொள்கிறார். வியர்வையில் மூலைகளும் பெயர்ந்துவிடுகின்றன. ஒட்டுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார் அத்தை. பவுடர் போடலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இரண்டுமே மருந்து உள்ளே இறங்குவதைக் கெடுத்துவிடுமோ என்று தயங்குகிறேன். மருத்துவரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்

உங்கள் தயக்கம் மிகச் சரி, அம்மா. சாதாரணப் பிளாஸ்திரிக்கு அடியில் தோல் வெறும் தோல். இந்த பேட்சுக்கு அடியில் அதுவே மருந்து நுழையும் வாசல். அங்கே எண்ணெய், பவுடர், களிம்பு எதைத் தடவினாலும் ஒன்று பேட்ச் ஒட்டாது, அல்லது மருந்து இறங்கும் அளவு மாறிவிடும். சோப்பு, டெட்டால், ஸ்பிரிட் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். வெறும் தண்ணீரால் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக்கு அடியில் வியர்வை முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். வெயில் காலத்தில் பாதித் தொல்லை இந்தக் காத்திருப்பிலேயே தீர்ந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மார்பில் முடி இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து எரிச்சல் கூடும்.

முதலில் தெரிய வேண்டியது, இது வெறும் உறுத்தலா, ஒவ்வாமையா என்பது. பேட்சின் எல்லைக்குள்ளேயே சிவந்து, எடுத்த ஓரிரு நாளில் தணிந்துவிட்டால் பெரும்பாலும் உறுத்தல்தான். பசை, வியர்வை, உரிக்கும் வேகம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. சிவப்பு எல்லையைத் தாண்டிப் பரவினாலோ, நீர்க்கொப்புளம் எழுந்தாலோ, எடுத்த பிறகும் கூடிக்கொண்டே போனாலோ, பசையிலுள்ள அக்ரிலேட் போன்ற பொருளுக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருக்கலாம். அப்போது அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் தொலைபேசியிலாவது பேசிவிடுங்கள். பசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், அதே மருந்தை வேறு தயாரிப்பாக மாற்றித் தந்தாலே சிலருக்குச் சரியாகிவிடுகிறது. உடம்பெங்கும் அரித்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஃபென்டனில் வகை மருந்துகளே அப்படி அரிப்பைத் தருவதுண்டு, அதற்குப் பசை காரணமாகாது.

இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்: மார்பின் வலப்புறம், இடப்புறம், மேல்முதுகு, மேற்கை எனச் சுற்றி வரட்டும். சிவந்த இடத்திலோ புண்ணான இடத்திலோ மறுபடி ஒட்டக் கூடாது. தோல் கெட்ட இடத்தில் மருந்து வேண்டியதற்கு மேல் இறங்கிவிடும். காலமைன் போன்றவற்றைப் பேட்ச் எடுத்த பழைய இடத்தில் மட்டும் தடவலாம். உரிக்கும்போது மேல்நோக்கி வெடுக்கென இழுக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, ஓரத்தைத் தண்ணீரால் நனைத்து, தோலோடு தோலாக மெல்ல மடித்து எடுங்கள். முதியவர்களின் தோல் வெங்காயச் சருகைப் போன்றது.

மதுரைக்காரன்

எனக்கு நாள்பட்ட தோள்வலி. மருந்துக்கடையில் கிடைக்கும் மென்தால் பேட்சை ஒட்டிக்கொண்டு, அரிப்பெடுத்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வேன். இதமாக இருக்கும். தங்கள் தந்தைக்கும் கொடுத்துப் பார்க்கலாமே.

மருந்தாளுநர்

மேலே எழுதிய நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஃபென்டனில் பேட்ச் மீது ஒத்தடம் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. சூட்டில் மருந்து தோலுக்குள் வேகமாக இறங்கும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் குறிப்பே எச்சரிக்கிறது. வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், கொதிக்கும் வெந்நீர்க் குளியல், உச்சி வெயில் யாவும் இதில் அடங்கும். காய்ச்சல் கண்டால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். எழுப்பினாலும் எழாத உறக்கமோ, மூச்சு மெதுவாவதோ தென்பட்டால் பேட்சை எடுத்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள். எடுத்த பிறகும் மருந்து பல மணி நேரம் உடலில் தங்கியிருக்கும்.

நண்பர் தம் தோளுக்கும் அதைச் செய்யாமலிருப்பது நல்லது. மென்தால், மெத்தில் சாலிசிலேட் அடங்கிய வலிநிவாரணிகளால் அரிதாகத் தோல் வெந்துபோன நிகழ்வுகளை முன்னிட்டு 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது. அவற்றின் மேல் சூடு வைக்கக் கூடாது என்பது அதிலுள்ள முக்கிய அறிவுரை.

மூலை பெயர்வதற்கு ஒரு வழி: ஒட்டியவுடன் உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஓரங்களில் மட்டும் காகித மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். அடியில் எந்தப் படலமும் வேண்டாம். அரிப்புக் குறையட்டும் என்று பேட்சை வெட்டி ஒட்டுவதும் கூடாது. எடுத்த பேட்சில் இன்னும் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அப்புறப்படுத்தும் முறையைச் சிகிச்சை தரும் மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. சிவப்பு சதுரத்துக்குள்ளேயே நிற்கிறது, மறுநாள் மங்கிவிடுகிறது, கொப்புளம் இல்லை. இன்னொரு ஐயம்: ஆஸ்துமா இன்ஹேலரைத் தோலில் அடித்துவிட்டு ஒட்டினால் அரிக்காது என்று உறவினர் ஒருவர் சொன்னார். கேலிக்குச் சொன்னாரா என்றே தெரியவில்லை. அம்மாவின் நீல நிற இன்ஹேலர் வீட்டில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்

கேலியில்லை, அம்மா, வலி மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆனால் அதற்குப் பயன்படுவது ஃபுளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அதைத் தோலில் தெளித்து, நன்றாக உலர்ந்த பின் பேட்சை ஒட்டுவார்கள். தங்கள் வீட்டிலுள்ள நீல நிறம் பெரும்பாலும் சால்பியூட்டமாலாக இருக்கும்; அது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அரிப்புக்கு உதவாது, தாயாருக்கே அது இருக்கட்டும். ஸ்டீராய்டு வகையையும் மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். அடுத்த வாரம் போகும்போது, பேட்ச் எடுத்தவுடன் ஒரு படமும் மறுநாள் ஒரு படமும் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். மங்கிப்போன சிவப்பை வாயால் விவரிப்பது கடினம். போய்வர அலைச்சலாக இருந்தால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் தங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.