புதுப்பிப்பு: மூன்று பிளக்கும் உயிர்த்துவிட்டன

போன கிழமை புலம்பியிருந்தேன்: உப்புவெளி வீட்டில் பழைய சிக்பீ (வீட்டுச் சாதனங்கள் வயரில்லாமல் பேசிக்கொள்ளும் முறை) கன்ட்ரோலரை மாற்றி, அதே வேலைக்குக் கணினியில் புதிய யூஎஸ்பி ஸ்டிக் போட்ட பிறகு, தூரத்திலிருந்து போட்டு நிற்பாட்டக்கூடிய ஐந்து ஸ்மார்ட் பிளக்கில் மூன்று ஒழுங்காக வேலை செய்யவே இல்லை. ஸ்டிக்கோடு சேர்த்தால் சேரும், பத்து நிமிடத்தில் காணாமல் போகும்.

கடற்காற்று உப்புத்தான் தின்றிருக்கும் என்று ஒரு அண்ணை சொன்னார். பிளக் முள்ளெல்லாம் துடைத்தேன், அண்ணை. வீண் வேலை!

குற்றவாளி யூஎஸ்பி 3 போர்ட். அது கிளப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. சிக்பீயும் அங்கேதான் பேசுகிறது. பக்கத்து அறைப் பிளக்குகள் சமாளித்தன, தூரத்தவை செத்தன. ஸ்டிக்கை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீற்றர் நீட்டிப்பு வயரில் கணினியை விட்டுத் தள்ளி வைத்தேன்.

பிறகு மூன்றையும் பொத்தானை அழுத்திப் பிடித்து ரீசெட் பண்ணி, அவை இருக்கும் இடத்திலேயே வைத்துச் சேர்த்தேன். மேசையில் சேர்த்துவிட்டுக் கொண்டுபோய்ச் செருகியது என் சோம்பல்தான். கரண்டில் இருக்கும் பிளக் அடுத்ததற்குச் செய்தி கடத்தும். அதனால் மூன்றில் கிட்ட இருக்கும் குசினிப் பிளக்கை முதலில் சேர்த்தேன், தண்ணீர் மோட்டர் அறை லைட்டின் பிளக் கடைசி.

நாலு நாளாக ஒன்றும் விழவில்லை. அம்மா மட்டும் இன்னும் சுவரில் சுவிட்சை நிற்பாட்டிவிடுகிறா. அதற்கு ரீசெட் பொத்தான் இல்லை.