சனத்தின் நம்பிக்கை போனது இலங்கையை ஆண்டவர்களுக்கு உறைக்கவே இல்லையா?

லேன்வாசி:
நேற்றுப் பழைய படங்களைக் கிளறும்போது 2022 பொருளாதார நெருக்கடியில், காஸ் தட்டுப்பாட்டு நேரம் எடுத்த ஒன்று கிடைத்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் லேனில் வெறும் காஸ் சிலிண்டர்களை ஒரே சங்கிலியில் கோர்த்து, பூட்டுப் போட்டு, நாங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டோம், சிலிண்டர் மட்டும் கியூவில் நிற்குது. 2019இல் 52 வீதத்துக்கு மேல் வாக்கு எடுத்து ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச மூன்று வருடம் முடியமுதல் நாட்டை விட்டு ஓடினார். இடையில் ஒருநாளாவது 'சனம் எங்களை நம்பவில்லை' என்று அவர்களுக்கு உறைத்திருக்காதா?

கணக்கப்பிள்ளை:
உறைத்தது, ஆனால் வேறு பெயரில். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் கோட்டாபயவின் வீட்டு வாசலுக்கே சனம் வந்தபோது, பின்னால் தீவிரவாதக் குழு இருக்கிறது என்றது ஜனாதிபதி அலுவலகம். 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதவனைத் தெருவுக்கு இறக்கத் தீவிரவாதி எதற்கு? ஏப்ரல் 18இல் இரசாயன உரத்தடை பிழை, ஐஎம்எப்பிடம் (சர்வதேச நாணய நிதியத்திடம்) முந்தியே போயிருக்கவேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டார், சரி. ஆனால் 2024இல் புத்தகம் போட்டபோது எல்லாம் திரும்பச் சதியாகிவிட்டது.
இவர்களுக்கு நம்பிக்கை என்றால் பாராளுமன்றத்தில் தலை எண்ணுவதுதான். ஒரே ஒரு ஆசனம் வைத்திருந்த கட்சியின் ரணில் விக்கிரமசிங்க, கோட்டாபய போனபிறகு அங்கே 134 வாக்கில் ஜனாதிபதி ஆனார், அடுத்த மார்ச்சில் சனம் வாக்குப்போட இருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போனது.

பனங்கொட்டை:
போனது போனது என்கிறீர்கள், யாழ்ப்பாணத்தில் எப்ப இருந்தது போக? 90களில் யுத்தநேரம் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் ரெண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள், பேப்பர் படிக்கிறது ஜாம் போத்தல் விளக்கில. 2022 கியூவைப் பார்த்து அம்மா சொன்னது, "இந்தமுறை கொழும்பும் நிக்குது" என்றுதான்.
அதுக்காக எங்கட தமிழ்க் கட்சிகள் சந்தோசப்படவும் இடமில்லை. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 3 அநுரகுமாரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அவையும் இன்னும் அதைச் சனத்தின் அவசரம் எண்டுதான் சொல்லித் திரியினம்.

கறுப்புக்கோட்டு:
2023 நவம்பர் 14 தீர்ப்பை ஒருவரும் சொல்லவில்லையே. ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு, பொது நம்பிக்கையை மீறினார்கள் என்றது நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம். தண்டனை ஒன்றுமில்லை, மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா ஒன்றரை இலட்சம் ரூபா, அவ்வளவுதான்.

லேன்வாசி:
ஒன்றரை இலட்சமா? 2022 ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபா, அந்தக் கணக்குக்கு முப்பது சிலிண்டர் வரும். படத்தில் எண்ணிப் பார்த்தேன், எங்கள் சங்கிலியிலேயே நாற்பத்திரண்டு.