மறு: ‘கோச்பில்டர்’ – தேர்த்தச்சரா, மேற்கூடு கட்டுநரா?

வணக்கம். காரின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியைக் கட்டும் பட்டறைக்காரரை ஆங்கிலத்தில் ‘கோச்பில்டர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியதற்கு என் மறுமொழி இது.

> கோச் என்பது குதிரை வண்டிதானே, ‘தேர்த்தச்சர்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, மறுக்க மனம் வரவில்லை. ஆனால் நமக்கு இது பிரிட்டனில் கையால் கட்டிய கிராண்ட் டூரர் (நெடுந்தூரம் வேகமாகவும் வசதியாகவும் போகும்) கார்களைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அங்கே ‘தச்சர்’ இடறுகிறது.

1952-இல் வந்த பென்ட்லி ஆர் டைப் கான்டினென்டலைப் பாருங்கள். எஞ்சினும் சேசிஸும் பென்ட்லியின் குரூ ஆலையில் செய்தவை. மேலே உள்ள பாடி, பெரும்பாலான கார்களுக்கு, லண்டனில் எச். ஜே. முல்லினர் பட்டறை கட்டியது. எடை குறையவேண்டும் என்று மரச்சட்டத்தை விட்டுவிட்டு, இலேசான உலோகச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தினார்கள். நான்கு பேர் பெட்டி படுக்கையோடு ஏறி மணிக்கு 190 கி.மீ.யை நெருங்கும் வேகத்தில் போகலாம். மொத்தமே 208 கார்கள்தான். முகப்புப் பலகையைத் தவிர தச்சருக்கு அதில் பெரிய வேலை இல்லை.

1958-இன் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4-உம் அப்படித்தான். மிலானின் டூரிங் நிறுவனத்திடமிருந்து வாங்கிய ‘சூப்பர்லெஜ்ஜெரா’ முறை அது: மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு, அதன்மேல் அலுமினியத் தோல். இத்தகைய பட்டறைகளின் முக்கியக் கருவி ‘இங்கிலீஷ் வீல்’. மேலே பெரிய தட்டைச் சக்கரம், கீழே சிறிய குவிந்த உருளை. இடையில் தகட்டைக் கொடுத்து முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, அது மயிரிழை மயிரிழையாக விரிந்து, நடுவில் உப்பி, மட்கார்டின் வளைவுக்கு வரும். கை அழுத்தம் ஓரிடத்தில் கூடினாலும் தகடு அலையடித்துவிடும். இதைத் தச்சு என்று எப்படிச் சொல்வது?

இதே தொழிலுக்கு நம் கரூர்க்காரர்களிடம் சொல் இருக்கிறது: ‘பாடி கட்டுறது’. வெறும் சேசிஸை, கூரையும் கண்ணாடியும் இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிவருவார்கள். பட்டறையில் அது பஸ்ஸாகும். பாடியை ‘உருவாக்குகிறோம்’ என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், கட்டுவதுதான். அந்த வினையை நாம் விடக்கூடாது.

> ‘கூடு கட்டுநர்’ என்றால் குருவிதான் நினைவுக்கு வரும்.

உண்மை. அதனால்தான் ‘மேற்கூடு’ என்கிறேன். சேசிஸுக்கு ‘அடிச்சட்டம்’ என்று முன்பே பேசினோம், அதன் மேலே உட்காருவது மேற்கூடு. மாட்டுவண்டிக்குக்கூடக் கூடு உண்டே! முல்லினர் போலத் தனிப் பட்டறையானாலும், நியூபோர்ட் பேக்னலில் ஆஸ்டன் மார்ட்டின் செய்ததுபோல ஒரே ஆலைக்குள் நடந்தாலும், ‘மேற்கூடு கட்டுநர்’ பொருந்தும்.

‘கிராண்ட் டூரர்’ இன்னும் தீரவில்லை. ‘பெருஞ்சுற்றுலாக் கார்’ எனக்கு ஒப்பவில்லை. சுற்றுலா வண்டி என்றதும் கோயில் கோயிலாகப் போகும் வாடகை வேன்தான் கண்முன் வருகிறது. இப்போதைக்கு ‘நெடுவழிக் கார்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் அனுப்புங்கள்.