போக் வகை பியரில் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். செக் நாட்டு பியரான பில்ஸ்னர் உர்க்வெல்லின் கசப்பை விரும்பிக் குடிக்கும் நான், விரைவில் மியூனிக் செல்லவிருப்பதால், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை மேலோங்கிய, ஜெர்மனியின் வலுவான பியரான போக்கின் வகைகளை அறிய விரும்புகிறேன். உங்களுக்குப் பிடித்தவை எவை?

மறுமொழி 1:
அயிங்கர் செலிப்ரேட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 6.7 சதவீத ஆல்கஹால் கொண்ட இந்த டோப்பல்போக் (போக்கிலும் வலுவான வகை), கோப்பையில் ஏறத்தாழக் கறுப்பாகத் தெரிந்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் செம்மை படரும். வறுத்த ரொட்டியின் மணமும் உலர்பழத்தின் சாயலும் முதலில் எழ, இனிப்பு திகட்டுவதற்கு முன்பே சுவை வறண்டு முடிவதுதான் இதன் அழகு. மிகவும் குளிர்ந்த நிலையில் குடிக்க வேண்டாம். குளிர் சற்றுத் தணிந்த பிறகே மணம் விரியும்.

மறுமொழி 2:
நல்ல தேர்வு. ஆனால், பவுலானர் துறவிகளின் தவக்கால வழக்கத்திலிருந்து வந்த சால்வேட்டர் பியரை விட்டுவிட்டு டோப்பல்போக்கைப் பற்றிப் பேச இயலாது. கோதுமை பியர் பிடிக்குமென்றால், 1907 முதல் தயாரிக்கப்படும் ஷ்னைடர் அவென்டினஸைச் சுவையுங்கள். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் அதற்கு உண்டு. 8.2 சதவீதம் என்பதால் நிதானமாக அருந்துங்கள்.

மறுமொழி 3:
கசப்புக்குப் பழகியவர் மைபோக்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன். வசந்த காலத்தில் வரும் இந்த வெளிர்நிற போக் வகையில், கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் சுவை சற்றுத் தூக்கலாக இருக்கும். போக் பிறந்த ஜெர்மனியின் ஐன்பெக் நகரத்தின் ஐன்பெக்கர் மை-உர்-போக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.