கசியும் கண்மாய்க் கரையும் பத்திரத்தில் உள்ள பாத்தியமும்

கேள்வி – பேரையூர் வட்டத்து விவசாயி

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஏறத்தாழ 40 ஏக்கர் ஆயக்கட்டு (அதன் நீரால் பாசனம் பெறும் நிலம்) உண்டு. என் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் நஞ்சையோடு ‘கண்மாய்ப் பாத்தியம்’ என்றும் எழுதியிருப்பதால், கண்மாயே எங்கள் குடும்பத்துக்கு உரியது என்றும், கரையைச் செப்பனிட வேண்டியவர்களும் நாங்களே என்றும் ஊரார் சொல்கிறார்கள். இந்த ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததிலிருந்து, நடுமடையை ஒட்டி, கரையின் வெளிச்சரிவு அடியில் தண்ணீர் கசிகிறது. கரை முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, கசியும் இடத்தைக் களிமண்ணால் அடைத்துவிடலாமா?

பதில் – ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். முதலில் கசியும் நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் தினமும் அளவைக் கவனித்து வந்தால் போதும். கலங்கலாக இருந்தால் கரைக்குள்ளிருக்கும் மண் அரித்து வெளியேறுகிறது, உள்ளே துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய கரைகளில் மடையின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடமே பலவீனமானது. வெளிப்புறத்தில் களிமண்ணை அப்பினால் நீரின் அழுத்தம் உள்ளேயே தேங்கி, சரிவை இளக்கி, வேறோர் இடத்தில் பீறிடும். மாறாக, பருமணலைப் பரப்பி அதன்மேல் சரளைக் கல்லைப் போட்டால், நீர் வெளியேறும், மண் நிற்கும். ஊற்றுப்போலக் கொப்பளித்தால், அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் ஏற விடுங்கள், வேகம் தணியும். அதோடு தள்ளியுள்ள வேறொரு மடையைத் திறந்து கண்மாயின் மட்டத்தைக் குறைக்கவும் வேண்டும்.

மரத்தை வேரோடு பிடுங்கினால் நிறைந்த கண்மாயின் கரையில் பள்ளம் விழும். இப்போதைக்குத் தரையோடு வெட்டிவிட்டு, கோடையில் கண்மாய் வற்றியபின் வேரை எடுத்து, ஈரமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து இறுக்குங்கள். மிகுநீர் வழிந்தோடும் கலுங்கையும் பாருங்கள். மீன் குத்தகைக்காரர்கள் அதன்மேல் மூட்டை அடுக்கி நீரை உயர்த்தியிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் கரையைத் தாண்டி வழியும் நீரை எந்த மண்கரையும் தாங்காது.

பதில் – வருவாய்த் துறையில் பணியாற்றியவர்

பாத்தியம் என்பது தண்ணீர் எடுக்கும் உரிமை. அதனால் மட்டும் கண்மாயின் தரை உங்களுடையதாகிவிடாது. (பத்திரம் எழுதுபவர்கள் மாமூலாகச் சேர்க்கும் சொல் அது.) கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் (கிராம நில விவரப் பதிவேடு) கண்மாயின் புல எண்ணைப் பாருங்கள். புறம்போக்கு என்றிருந்தால் அரசுடையது. முன்பு ஜமீன் கிராமமாக இருந்தால், 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டப்படி எஸ்டேட்டை அரசு ஏற்றபோதே கண்மாயும் அரசைச் சேர்ந்திருக்கும். தனியார் பெயரில் பட்டா இருந்தால் மட்டும் ஆவணங்களோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பொதுவாக, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய்களை நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியமும் பராமரிக்கின்றன. ஆகவே வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கலங்கல் நீரென்றால் வட்டாட்சியருக்கு அன்றே தொலைபேசியிலும் சொல்லுங்கள். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பாதீர்கள், 10 மீட்டருக்கும் குறைந்த கரைகள் அதற்குள் வரா.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. புட்டியில் பிடித்த நீர் நேற்றுத் தெளிவாக இருந்தது, இன்று காலை அடியில் செம்மண் படிந்திருக்கிறது. கீழமடையைத் திறந்துவிட்டோம். வயல்களுக்கு நீர் பாய்ச்சிவிடும் நீர்க்கட்டியும் இரண்டு இளைஞர்களும் இரவுக்காவல் இருக்கிறார்கள். மனுவோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் புறப்படுகிறேன்.